கோப்பி மலைகள் பிடிபடாத கமரா: ஜூலியா மார்கரெட் கமரூனின் கதை

இலங்கையில் பாடசாலை வரலாற்றுப் புத்தகத்தைப் புரட்டிய எவருக்கும் கமரூன் என்ற பெயர் தெரிந்திருக்கும். கோல்புறூக் – கமரூன் அரசியல் சீர்திருத்தம், 1833. ஐந்து மாகாணங்கள், சட்டநிரூபண சபை, இராஜகாரிய முறை ஒழிப்பு, கறுவா ஏகபோகம் நீக்கம் என்று மனனஞ் செய்து பரீட்சை எழுதியிருப்போம். யாழ்ப்பாணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட வட மாகாணம் என்ற நிர்வாக அலகே அந்த ஆண்டில்தான் வரைபடத்தில் ஏறியது. பரீட்சை முடிந்ததும் கமரூனை மறந்துவிடுவோம்.

ஆனால் உலகம் அதிகம் நினைவில் வைத்திருப்பது வேறொரு கமரூனை. ஒளிப்படக் கலையின் வரலாற்றை யார் எழுதினாலும் முதல் சில அத்தியாயங்களுக்குள் வந்துவிடும் பெயர் ஜூலியா மார்கரெட் கமரூன். நம் பாடப்புத்தகக் கமரூனின் மனைவி. டார்வினையும் டெனிசனையும் நாம் எந்த முகத்தோடு கற்பனை செய்கிறோமோ, அந்த முகங்களில் பல இவர் எடுத்தவை. 1879ஆம் ஆண்டு டிக்கோயாவில் இறந்து, பொகவந்தலாவை தேவாலய வளவில் புதைக்கப்பட்டவர். உலகின் தலைசிறந்த ஒளிப்படக் கலைஞர்களில் ஒருவரின் கல்லறை மலையகத்தில், தேயிலைக்கு நடுவே இருக்கிறது.

கணவர் எழுதிய அறிக்கை இந்தத் தீவின் காணியைத் தனியார் முதலுக்குத் திறந்துவிட்டவற்றுள் ஒன்று. அந்தக் காணியில் விளைந்த கோப்பி, மனைவி கமரா பிடித்த வீட்டுக்குப் படியளந்தது. கோப்பி சரிந்தபோது இருவரும் அந்தக் காணியைத் தேடியே வந்தார்கள். அங்கே அவர் படம் எடுத்தார். ஆனால் அந்தப் படங்களில் மலை இல்லை, கோப்பி இல்லை, வெட்டப்பட்ட காடு இல்லை. முகங்கள் இருக்கின்றன. அந்த முகங்களுக்குப் பெயர் இல்லை. இந்தக் கட்டுரை அந்த இடைவெளியைப் பற்றியது.

கல்கத்தாவில் தொடங்கிய வாழ்க்கை

ஜூலியா மார்கரெட் பட்டில் 1815 ஜூன் 11ஆம் திகதி கல்கத்தாவில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் பட்டில் கிழக்கிந்தியக் கம்பனியின் வங்காள நிர்வாக சேவை உத்தியோகத்தர். தாய் அடலின் பிரெஞ்சு வம்சாவளியினர். அவருடைய குடும்பத்துக்குப் புதுச்சேரித் தொடர்பும் உண்டு. சகோதரிகள் அழகுக்குப் பெயர்போனவர்கள். ஜூலியாவுக்கு அந்தப் பெயர் கிடைக்கவில்லை. சுறுசுறுப்பு, பிடிவாதம், அளவில்லாத தாராளம் என்பவற்றால் அவர் அறியப்பட்டார். அந்தக் காலத்து ஐரோப்பியக் குடும்பங்களின் வழக்கப்படி சிறுவயதில் பிரான்சுக்கு அனுப்பப்பட்டு, பாட்டியிடம் வளர்ந்து, 1834இல் கல்கத்தா திரும்பினார்.

1836இல் நோயிலிருந்து தேறுவதற்காகத் தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்குச் சென்றார். வாழ்க்கையைத் தீர்மானித்த இரண்டு பேரை அங்கேதான் சந்தித்தார். ஒருவர் வானியலாளர் ஜோன் ஹெர்ஷல். ஒளிப்படத்தை அழியாமல் நிலைநிறுத்தும் இரசாயனத்தின் தன்மையை முன்னரே கண்டறிந்தவர் அவர். 1842இல், இந்தப் புதிய கலையின் மாதிரிகள் சிலவற்றை ஹெர்ஷல் கல்கத்தாவிலிருந்த ஜூலியாவுக்கு அனுப்பிவைத்தார்.

மற்றவர் சார்ள்ஸ் ஹே கமரூன். ஜூலியாவைவிட இருபது வயது மூத்தவர், சட்ட அறிஞர், ஜெரமி பெந்தாமின் சிந்தனைப் பள்ளியைச் சேர்ந்தவர். இருவரும் 1838 பெப்ரவரியில் கல்கத்தாவில் மணமுடித்தனர். அப்போது சார்ள்ஸ் இந்தியச் சட்ட ஆணைக்குழுவில் பணியாற்றிக்கொண்டிருந்தார். இலங்கையை அவர் அதற்கு முன்பே பார்த்துவிட்டார். பார்த்த நாளிலிருந்து அந்தத் தீவு அவர் மனதை விட்டு அகலவில்லை.

வரைபடம் மாறிய ஆண்டு

சார்ள்ஸ் கமரூன் இலங்கைக்கு வந்தது 1830இல், கோல்புறூக்குடன் சேர்ந்து தீவின் நிர்வாகத்தை விசாரிக்கும் ஆணையாளராக. நீதித்துறை பற்றிய அறிக்கை அவருடைய பங்கு. அதன் விளைவாக வந்த 1833ஆம் ஆண்டு நீதிச் சாசனம் தீவு முழுவதற்கும் பொதுவான நீதிமன்ற அமைப்பை உருவாக்கியது. சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்ற கொள்கையை அவர் உண்மையாகவே நம்பினார். இராஜகாரிய முறை நீங்கியதால் கட்டாய ஊழியத்திலிருந்து பலர் விடுபட்டதும் உண்மை.

ஆனால் அதே சீர்திருத்தத்துக்கு இன்னொரு முகமும் இருந்தது. ஊழியம் காணியிலிருந்து பிரிக்கப்பட்டது. காணி வாங்கி விற்கும் பண்டமாகியது. தனியார் முதலீட்டுக்குக் கதவு திறந்தது. அதன் பின் வந்த 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடுகளும் பயிரிடப்படாத, ஆட்சியில் இல்லாத காணிகளும் எதிர்மாறாக நிரூபிக்கப்படும் வரை முடிக்குரியவை என்று அனுமானித்தது. கண்டிய மாகாணங்களின் சேனைக் காணிகளும் இதற்குள் அகப்பட்டன. தலைமுறை தலைமுறையாக ஆண்டு வந்த காணிக்கு உறுதி எங்கே என்று கேட்டால் கிராமத்தவரிடம் பதில் இல்லை. முடிக்குரியதாக்கப்பட்ட காணி ஏக்கர் ஐந்து சிலிங் அளவில் விற்கப்பட்டது. 1844இல்தான் விலை இருபது சிலிங்காக உயர்ந்தது.

வாங்கியவர்களில் ஆளுநர்கள் முதல் அரசாங்க உத்தியோகத்தர் வரை பலர் இருந்தனர். கல்கத்தாவில் பெரும் பதவியில் இருந்த சார்ள்ஸ் கமரூனும் 1840களில் மத்திய மலைநாட்டில் காணி வாங்கினார். காலப்போக்கில் தீவின் பெரிய ஐரோப்பியக் காணிச் சொந்தக்காரர்களில் ஒருவரானார். 1840ஆம் ஆண்டுச் சட்டத்தை அவர் எழுதவில்லை. அப்போது அவர் இலங்கையிலும் இல்லை. ஆனால் தான் திறந்துவிட உதவிய கதவின் வழியே அவரும் உள்ளே நுழைந்தார்.

அந்தக் காணிகளில் காடு வெட்டி எரிக்கப்பட்டது. மலை உச்சியிலிருந்து கீழ்நோக்கி மரங்களை அரைகுறையாக வெட்டிவைத்து, மேலே இருக்கும் மரத்தைச் சாய்த்தால் அது அடுத்ததை, அடுத்தது அதற்கடுத்ததைச் சாய்த்துக்கொண்டு சரிவு முழுவதும் விழும். பிறகு நெருப்பு. அதன்மேல் நேர் வரிசைகளில் கோப்பிக் கன்று. மழைக்காலத்தில் மேல்மண் கழுவுண்டு ஆறுகளில் இறங்கியது. 1870களின் பிற்பகுதியில் கோப்பி சுமார் 2 இலட்சத்து 75 ஆயிரம் ஏக்கரில் பரந்திருந்தது.

அந்த வேலையைச் செய்தவர்கள்

காட்டை வெட்டியவர்களிலும் கோப்பி பறித்தவர்களிலும் பெரும்பாலானோர் தமிழர். இராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரைப் பக்கங்களிலிருந்து கங்காணிகளோடு புறப்பட்டு, பாக்குநீரிணையைத் தோணியில் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கியவர்கள். அங்கிருந்து வன்னிக் காடுகளையும் தம்புள்ளையையும் தாண்டி மாத்தளை வரை நடை. அன்றைய வட மாகாணம் இன்றையதைவிடப் பெரியது. நுவரகலாவியவும் 1873 வரை அதற்குள்தான் இருந்தது. அதாவது கமரூனின் சீர்திருத்தம் வரைந்த வட மாகாணத்தின் ஊடாகத்தான், கமரூன் போன்றவர்களின் தோட்டங்களுக்கு அந்த மக்கள் நடந்தார்கள். கொள்ளை நோயும் காய்ச்சலும் தண்ணீரின்மையும் வழியெல்லாம் உயிர் குடித்தன. எத்தனை பேர் இறந்தனர் என்பது பற்றி அன்றைக்கே சர்ச்சை இருந்தது.

வடக்கில் இருக்கும் நமக்கு இந்த வரலாறு வேறு யாருடையதோ போலப் படலாம். ஆனால் அந்தப் பாதை நம் ஊர்களின் வழியேதான் சென்றது.

டிம்போலா என்ற வீடு

1848இல் கமரூன் குடும்பம் இங்கிலாந்து திரும்பியது. 1860இல் இங்கிலாந்தின் தெற்கே உள்ள வைட் தீவில், பிரெஷ்வோட்டர் என்ற ஊரில், கவிஞர் டெனிசனின் வீட்டுக்கு அருகே இரண்டு சிறு வீடுகளை வாங்கி ஒன்றாக இணைத்தார்கள். அந்த வீட்டுக்கு வைத்த பெயர் டிம்போலா. நமது டிம்புல மலைப்பகுதியின் பெயர்தான் அது. இன்று அந்த வீடு ஓர் அருங்காட்சியகம். இலங்கைக் கோப்பி மலையின் பெயரைச் சுமந்தபடி ஆங்கிலக் கடலோரத்தில் நிற்கிறது.

வீட்டுச் செலவு பெரியது. வருமானம் கோப்பியில் தங்கியிருந்தது. விளைச்சல் பொய்த்த ஆண்டுகளில் நண்பர்களிடம் கடன். சார்ள்ஸ் அடிக்கடி தோட்டங்களை நினைத்துக்கொண்டிருப்பார். ஜூலியாவுக்கு அவர் இலங்கை போவதே பிடிக்காது.

1863 டிசம்பரில் மகளும் மருமகனும் அவருக்கு ஒரு கமராவைப் பரிசளித்தார்கள். பிள்ளைகள் வளர்ந்துவிட்ட வீட்டில், கணவர் கடல் கடந்து போகும் நாட்களில், பொழுதுபோகட்டும் என்று கொடுத்த பொருள் அது. அப்போது ஜூலியாவுக்கு வயது 48.

கோழிக்கூட்டில் ஒரு கலையகம்

அன்றைய ஒளிப்படக் கலை கைநிறைய வேலை வாங்குவது. ஒரு கண்ணாடித் தட்டில் கொலோடியன் என்ற பசைத் திரவத்தைச் சீராக ஊற்ற வேண்டும். பிறகு வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் அமிழ்த்த வேண்டும். தட்டு ஈரமாக இருக்கும்போதே கமராவுக்குள் வைத்துப் படம் எடுத்து, காயும் முன் இருட்டறைக்குக் கொண்டோடிக் கழுவ வேண்டும். விரல்கள் கறுத்துப்போகும். எதிரே இருப்பவர் நிமிடக்கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும். ஜூலியா நிலக்கரி வைக்கும் அறையை இருட்டறையாக்கினார். கோழிக்கூட்டைக் காலி செய்து கலையகமாக்கினார்.

1864 ஜனவரியில் ஒரு சிறுமியின் படம் சரியாக வந்தது. அதைத் தன் முதல் வெற்றி என்று குறித்துவைத்தார். அடுத்த பதினொரு ஆண்டுகள் அவர் நிற்கவில்லை. டெனிசன், டார்வின், கார்லைல், முதிய ஹெர்ஷல் என்று அக்காலத்தின் பெரிய மனிதர்கள் அவர் கமராவின் முன் அமர்ந்தார்கள். வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியர் கன்னி மரியாளாக மாறினார். சகோதரியின் மகள் ஜூலியா ஜக்சன் திரும்பத் திரும்பப் படமானார். கணவர் சார்ள்ஸ் வெண்தாடியோடு மந்திரவாதி மெர்லினாகவும் லியர் மன்னராகவும் நின்றார்.

அன்றைய கலையகப் படங்கள் முழு உருவத்தையும் துல்லியமாகக் காட்டும். ஜூலியா முகத்துக்கு மிக அருகே சென்றார். ஓரங்கள் மங்கலாக, ஒளி ஒரு பக்கத்திலிருந்து விழ, முகம் இருளிலிருந்து எழுந்துவருவதுபோல எடுத்தார். தட்டில் கீறலும் விரல் அடையாளமும் இருந்தால் அப்படியே விட்டார். தொழில்முறைப் படப்பிடிப்பாளர்கள் இதைக் கவனயீனம் என்று கேலி செய்தார்கள். அவர் பொருட்படுத்தவில்லை. 1865இல் லண்டன் சௌத் கென்சிங்டன் அருங்காட்சியகம் அவருடைய படங்களை வாங்கிக் காட்சிப்படுத்தியது. 500க்கும் மேற்பட்ட படங்களுக்கு அவர் பதிப்புரிமை பெற்றார். இன்று அறியப்படும் படங்கள் சுமார் 1,200.

அவர் கமராவின் முன் பேரரசும் வந்து அமர்ந்தது. ஜமைக்காவில் கறுப்பின மக்களின் எழுச்சியை 1865இல் நூற்றுக்கணக்கான உயிர்ப்பலியோடு அடக்கிய ஆளுநர் எட்வர்ட் எயரை அவர் மதிப்புக்குரியவராகப் படமெடுத்தார். 1868இல் பிரித்தானியப் படை எத்தியோப்பியாவில் வெற்றி பெற்றபின் அங்கிருந்து கொண்டுவரப்பட்ட சிறுவன், இளவரசர் அலமாயெகுவும் அவர் முன் அமர்த்தப்பட்டார். அந்தச் சிறுவனின் முகத்திலுள்ள சோகம் படத்தில் தெளிவாகத் தெரிகிறது. அந்தச் சோகத்துக்குக் காரணமான அரசியல் படத்துக்கு வெளியே நின்றது. இலங்கையிலும் அதுவே நிகழவிருந்தது.

சவப்பெட்டிகளுடன் ஒரு பயணம்

1869இல் இலங்கைக் கோப்பி இலைகளில் செம்மஞ்சள் நிறப் புள்ளிகள் தோன்றின. ஹெமிலேயா வஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிடப்பட்ட பூஞ்சண நோய் அது. காட்டை அழித்து மலை மலையாக ஒரே பயிரை நட்டதால், ஒரு செடியில் பிடித்த நோய்க்கு அடுத்த செடிக்குத் தாவத் தடையே இருக்கவில்லை. கோப்பி விலை உயர்ந்திருந்ததால் தோட்டத்துரைமார் சில ஆண்டுகள் ஆபத்தை உணரவில்லை. புதிய காடுகளை வெட்டி மேலும் நட்டார்கள். நோய் பின்னாலேயே வந்தது. இயற்கையை இலாபக் கணக்கில் மட்டும் வாசித்ததன் விலை அது.

கமரூன் குடும்பத்தின் நிலை இறங்கிக்கொண்டே போனது. 1873இல் கமராவைப் பரிசளித்த மகள் இறந்துபோனார். மகன்களில் சிலர் இலங்கையில் இருந்தார்கள். ஒருவர் தோட்டத்திலும், ஹார்டிஞ் என்பவர் இலங்கை நிர்வாக சேவையிலும். 80 வயதான சார்ள்ஸ் தன் மலைகளைக் கடைசியாகப் பார்க்க விரும்பினார். வாழ்க்கைச் செலவும் அங்கே குறைவு. 1875 ஒக்டோபரில் இருவரும் கப்பலேறினார்கள். இலங்கையில் நல்ல சவப்பெட்டி கிடைக்காது என்று இரண்டு பெட்டிகளையும், ஒரு பசுவையும் கூடவே கொண்டுபோனார்கள் என்பது அந்தக் குடும்பத்தில் வழங்கிவந்த கதை. துறைமுகத்தில் சுமைதூக்கியவர்களுக்குக் காசுக்குப் பதிலாகத் தன் படங்களைக் கொடுத்தார் என்றும் சொல்வார்கள்.

களுத்துறையில் எடுத்த படங்கள்

அவர்கள் களுத்துறையில் கடலோர வீடொன்றில் தங்கினார்கள். இடையிடையே மலைக்குப் போய்வந்தார்கள். ஜூலியா கமராவை விடவில்லை. ஆனால் வெப்பமும் ஈரப்பதமும் அவரோடு போட்டியிட்டன. ஈதர் கலந்த கொலோடியன் வேகமாகக் காய்ந்துபோகும். நல்ல தண்ணீர் வேண்டும். இரசாயனங்களும் கண்ணாடியும் கப்பலில் வர வேண்டும். படம் வாங்குவோரும் இல்லை. இலங்கையில் அவர் எடுத்தவற்றில் இன்று எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு.

1877இல் தாவர ஓவியர் மரியான் நோர்த் அவர்களுடைய வீட்டுக்கு வந்தார். ஜூலியா அவரைச் சால்வைகளால் போர்த்தி, கூந்தலை அவிழ்க்கவைத்து, கூரிய தென்னோலைகளின் கீழ் நண்பகல் வெயிலில் நிறுத்திப் படமெடுத்தார். பிறகு ஈரப்பலா இலைகளைப் பின்னணியாக வைத்து முயன்றார். எவ்வளவு பாடுபட்டும் தன் சாதாரண முகத்தைத்தான் கண்ணாடி பிடித்தது என்று நோர்த் தன் நினைவுக்குறிப்பில் வேடிக்கையாக எழுதியிருக்கிறார். ஒரு மனிதரின் முதுகின் அழகில் மயங்கி, அவரைத் தோட்டக்காரராக வேலைக்கு வைக்கும்படி ஜூலியா மகனிடம் அடம்பிடித்த கதையும் அதில் உண்டு. வீட்டில் தோட்டமே இல்லை. வேலைக்கு வைக்கப்பட்டவருக்கு அந்தச் சொல்லின் பொருளே தெரியாது.

சிரிக்கவைக்கும் கதைதான். ஆனால் கொஞ்சம் நின்று யோசித்தால் வேறொன்றும் தெரிகிறது. ஓலையும் பலா இலையும் இங்கே அழகான திரைச்சீலை. மனிதர் அழகான முதுகு. அதே காலத்தில் லண்டன் கியூ தாவரவியல் பூங்கா, பிரேசிலிலிருந்து கொண்டுவரப்பட்ட விதைகளில் முளைத்த றப்பர்க் கன்றுகளை 1876இல் இலங்கைக்கு அனுப்பியது. பின்னாளில் களுத்துறையின் நிலத்தோற்றமே றப்பரால் மாறிப்போனது. பேரரசு தாவரங்களை இடம்மாற்றி நாடுகளின் முகத்தை மாற்றிக்கொண்டிருந்தபோது, கமராவுக்கு இலை வெறும் பின்னணியாக இருந்தது.

எஞ்சியுள்ள படங்களில் இளம் பெண்கள், ஆண்கள், குடும்பம் போல நிறுத்தப்பட்ட குழுக்கள் இருக்கின்றன. இவர்களில் பலர் தோட்டங்களில் வேலை செய்த தமிழர்கள் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. படங்கள் அவர்களை இழிவுபடுத்தவில்லை. அளவுகோலை அருகில் வைத்து மண்டையோட்டை அளக்கும் அக்கால இனவியல் படங்களிலிருந்து இவை மிகத் தூரத்தில் நிற்கின்றன. நிமிர்ந்த முதுகு, நேரான பார்வை, முகத்தில் விழும் ஒளி. டெனிசனுக்குக் கொடுத்த அதே கவனத்தில் ஒரு பங்கை இவர்களுக்கும் கொடுத்திருக்கிறார்.

ஆனால் டெனிசனுக்குப் பெயர் இருக்கிறது. பிரெஷ்வோட்டர்ப் பணிப்பெண் மேரி ஹில்லியருக்கும் பெயர் இருக்கிறது. களுத்துறைப் படங்களின் தலைப்புகளில் இருப்பது குடியானவர், பெண், குழு என்ற வகைப்பெயர்கள் மட்டுமே.

சட்டகத்துக்கு வெளியே

அந்த ஆண்டுகளில்தான் சென்னை மாகாணத்தைத் தாது வருடப் பஞ்சம் வாட்டியது. 1876 முதல் 1878 வரை இலட்சக்கணக்கானோர் மடிந்தார்கள். உயிர் தப்பியவர்களில் பெருந்தொகையினர் இலங்கைத் தோட்டங்களை நோக்கி வந்தார்கள். சென்னையில் வில்லோபி ஹூப்பர் என்ற இராணுவ அதிகாரி, எலும்பும் தோலுமான மக்களை வரிசையாக அமர்த்திப் படமெடுத்தார். அந்தப் படங்கள் உலகை அதிரவைத்தன. படமெடுத்தவர் உதவி செய்தாரா என்ற கேள்வியும் அப்போதே எழுந்தது. கடலுக்கு இப்பால், அதே மக்களின் உறவினராக இருக்கக்கூடியவர்கள் ஜூலியாவின் முன் அமைதியாக நின்றார்கள். ஐரிஷ் பஞ்சத்துக்காகக் கல்கத்தாவில் நிதி திரட்ட ஓடியாடிய பெண் அவர். அவருக்கு இரக்கம் இருந்தது. ஆனால் இந்தப் பஞ்சத்தின் சுவடு அவர் படங்களில் இல்லை.

இதை அவர் மீதான குற்றச்சாட்டாக மட்டும் சுருக்குவது நியாயமில்லை. இங்கிலாந்திலும் அவர் நிலக்காட்சிகளை எடுத்தவர் அல்ல. முகங்களே அவருடைய உலகம். அறுபது வயதைக் கடந்தவர் இருட்டறைக் கூடாரத்தோடு மலையேறிப் படமெடுப்பதும் எளிதல்ல. மலைகளைப் படமெடுக்க வேறு ஆட்கள் இருந்தார்கள். ஸ்கீன், ஸ்கோவன் போன்ற வணிகக் கலையகங்கள் தோட்டங்களைத் தொகுதி தொகுதியாக எடுத்து விற்றன. நேர் வரிசைச் செடிகள், துரையின் பங்களா, கூடையோடு நிற்கும் தொழிலாளர். அந்தப் படங்களில் மலை இருக்கிறது, ஆனால் அது வெற்றிக் கேடயம்போல இருக்கிறது. காட்டை அழித்த இடம் ஒழுங்கு பிறந்த இடமாகக் காட்டப்படுகிறது. ஆக, ஒருவரின் படத்தில் முகம் உண்டு, நிலம் இல்லை. மற்றவர்களின் படத்தில் நிலம் உண்டு, முகம் இல்லை. நிலத்தையும் மனிதரையும் இணைத்த உண்மை இரண்டிலும் விடுபட்டது.

1878இல் ஜூலியா இங்கிலாந்துக்கு ஒருமுறை சென்று திரும்பினார். 1879 ஜனவரி 26ஆம் திகதி, டிக்கோயாப் பள்ளத்தாக்கில் மகனின் கிளென்கெயர்ன் தோட்டத்தில் இறந்தார். வயது 63. பொகவந்தலாவை புனித மரியாள் தேவாலய வளவில் புதைக்கப்பட்டார். அடுத்த ஆண்டு சார்ள்ஸும் அருகே வந்து சேர்ந்தார். சுற்றியிருந்த கோப்பி சில ஆண்டுகளில் அழிந்தது. அதே மலைகளில், அதே மக்களின் கைகளால், தேயிலை நடப்பட்டது.

யாழ்ப்பாணத்தின் வழியே திரும்பிய பெயர்

ஜூலியாவின் புகழ் பின்னர் மங்கியது. அது திரும்பி வந்த வழியில் நம் ஊரும் இருக்கிறது. 1905 ஜனவரியில் லெனாட் வூல்ப் என்ற இளம் உத்தியோகத்தர் யாழ்ப்பாணக் கச்சேரிக்கு வந்தார். கோட்டைக் கொத்தளத்தின் மீதிருந்த பங்களாவில் தங்கினார். இரண்டரை ஆண்டுகள் வட மாகாணத்தில் பணியாற்றி, பின்னர் கண்டிக்கும் அம்பாந்தோட்டைக்கும் மாறினார். காலனி ஆட்சியின் மீது நம்பிக்கை இழந்து, பதவியைத் துறந்து, 1912இல் வேர்ஜினியாவை மணந்தார். வேர்ஜினியாவின் தாய், ஜூலியா கமரூன் திரும்பத் திரும்பப் படமெடுத்த அந்த ஜூலியா ஜக்சன்.

1926இல் வூல்ப் தம்பதியரின் ஹோகார்த் பதிப்பகம் ஜூலியா கமரூனின் படங்களை நூலாக வெளியிட்டது. முன்னுரைகளில் ஒன்றை வேர்ஜினியா எழுதினார். இருபதாம் நூற்றாண்டு ஜூலியாவை மீண்டும் கண்டுகொள்ள அந்த நூல் உதவியது. கணவரின் சீர்திருத்தம் வரைந்த மாகாணத்தில் கடமையாற்றித் திரும்பிய ஒருவரின் அச்சகத்திலிருந்து மனைவியின் படங்கள் வெளிவந்தன. ஆனால் அந்த நூலில் இடம்பெற்றவை புகழ்பெற்ற ஆண்களும் அழகிய பெண்களும்தான். களுத்துறை முகங்கள் இன்னும் பல காலம் காத்திருக்க வேண்டியிருந்தது.

நிலத்தையும் வணிகத்தையும் ஒரே சட்டகத்துக்குள் வைக்கும் முயற்சியைச் சினிமா தொட்டுப் பார்த்தது. பசில் றைட் 1934இல் இயக்கிய சோங் ஒஃப் சிலோன் என்ற ஆவணப்படத்துக்குத் தேயிலைப் பிரசாரச் சபையின் பணம் உதவியது. ஒளிப்படக் கலைஞர் லயனல் வென்ட் வர்ணனைக் குரல் கொடுத்தார். அதன் மூன்றாம் பகுதியில், தீவின் காட்சிகள் ஓட, பின்னணியில் சந்தை விலைகளும் கப்பல் ஏற்றுமதி விபரங்களும் ஒலிக்கின்றன. விளம்பரத்துக்காக எடுத்த படத்துக்குள், இந்த நிலம் யாருக்காக உழைக்கிறது என்ற கேள்வி புகுந்துவிட்டது.

வெறுங்காணி என்ற சொல்

இது முடிந்துபோன கதை அல்ல. ஆட்சியில் இல்லாத காணி அரசுக்குரியது என்ற 1840ஆம் ஆண்டின் அனுமானம் வெவ்வேறு பெயர்களில் தொடர்ந்தது. 2025 மார்ச்சில், 1931ஆம் ஆண்டின் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ், வடக்கில் ஆயிரக்கணக்கான ஏக்கர் காணிகளுக்கு உரிமை கோருவோர் முன்வர வேண்டும் என்றும், இல்லையேல் அவை அரச காணியாகும் என்றும் வர்த்தமானி வெளியானது. போரில் உறுதிகளைத் தொலைத்தவர்களும், வெளிநாடுகளில் சிதறியவர்களும் எதைக் கொண்டு முன்வருவது? எதிர்ப்பும் உயர் நீதிமன்ற வழக்கும் எழுந்தபின் அது மீளப்பெறப்பட்டது. அன்று கண்டியக் கிராமத்தவரிடம் கேட்கப்பட்ட கேள்வி, ஏறத்தாழ அதே மொழியில், வடக்கின் வாசலுக்கு வந்து சென்றது.

மலையகத்துக்கோ அது காணியே இல்லாத இருநூறு ஆண்டுகள். 1948இல் குடியுரிமையும் பறிக்கப்பட்டது. 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அந்தப் பழைய பாதையை மீண்டும் நடந்தவர்கள் கேட்டதில் முதன்மையானது காணியும் வீடும்தான். நடந்தவர்களைப் பல கமராக்கள் படமெடுத்தன. இம்முறை படங்களில் பாதை இருந்தது, மரங்கள் இருந்தன, பதாகைகளில் கோரிக்கை இருந்தது. முகங்களுக்குப் பெயரும் இருந்தது.

ஜூலியா கமரூனின் களுத்துறைப் படங்கள் இன்று லண்டனிலும் லொஸ் ஏஞ்சல்சிலும் அருங்காட்சியகங்களில் பத்திரமாக இருக்கின்றன. இணையத்தில் எவரும் பார்க்கலாம். அவற்றைப் பார்க்கும்போது கலைஞரின் கண்ணை வியக்காமல் இருக்க முடியாது. வியப்பதில் தவறும் இல்லை. ஆனால் அந்தப் பெண்ணும் அந்த மனிதரும் நம்மை நேராகப் பார்க்கிறார்கள். அவர்கள் எந்த ஊரிலிருந்து நடந்து வந்தார்கள், எந்தக் காட்டை வெட்டினார்கள், அவர்களுடைய பேரப்பிள்ளைகள் எந்த லயத்தில் பிறந்தார்கள் என்பதைக் கண்ணாடித் தட்டு சொல்லாது. அதைத் தேடி எழுதுவது நம் வேலை. பொகவந்தலாவைக் கல்லறையைத் தேடிச் செல்பவர்கள் கொஞ்சம் தலைநிமிர்ந்து சுற்றியுள்ள மலையையும் பார்க்க வேண்டும். அவர் எடுக்காமல் விட்ட படம் அங்கே இன்னும் இருக்கிறது.